நகல் எடுக்காத ஃபாரம்

பார்த்து ஏறி வாங்கம்மா, மூன்றாவது படி கொஞ்சம் உயரம். இதுதான் ரூம். ஜன்னலைத் திறந்தால் ரயில்வே லைன் தெரியும். லைனைத் தாண்டினால் யுனிவர்சிட்டி. உங்கள் மகள் நடந்தே கிளாசுக்குப் போய்விடலாம். காற்று வரும். ரயில் சத்தமும் வரும், அதை மறைக்க முடியாது. ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ரூம் காட்டுவதெல்லாம் எங்கள் வீட்டுக்காரர்தான். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. அவர் மிஷினுக்கு ஏதோ சாமான் வாங்கப் பாண்டிச்சேரி போயிருக்கிறார். ஜெராக்ஸ் கடை எங்களுடையது. ஸ்டேஷனிலிருந்து வரும்போது பார்த்திருப்பீர்கள், மஞ்சள் போர்டு. வாடகை, அட்வான்சு எல்லாம் அவர் வந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தெரியாது. மகள் ஃபீஸ் கட்டவா போயிருக்கிறாள்? அப்படியென்றால் வர மூன்று மணியாவது ஆகும். உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். கட்டிலில் உட்காருங்கள். ஏய் தாமரை, பாட்டியின் பையை இழுக்காதே. என் பெண்தான். மூன்று வயது முடியப்போகிறது.

இதற்கு முன்னால் யார் இருந்தது என்றா கேட்கிறீர்கள்?

அதை ஏன் கேட்கிறீர்கள். கோபிச்செட்டிபாளையத்துப் பெண். பூங்கொடி என்று பெயர். அக்ரி படித்தாள். வாயைத் திறந்தால் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போடுவாள். குழந்தையைக்கூட 'வாங்க தாமரை, போங்க தாமரை' என்பாள். வாடகையில் ஒரு குறை சொல்ல முடியாது. சுத்தம் என்றால் அவ்வளவு சுத்தம். ஆனால் நம்பினேன் பாருங்கள், அதுதான் தப்பு. கூடப்பிறந்தவள் மாதிரி நினைத்தேன். கடைசியில் என் தலையில் மண்ணைப் போட்டுவிட்டு, போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள். நானாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்கிறார். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மகள் வருகிறவரைக்கும் இருப்பீர்கள்தானே? சொல்கிறேன். யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருக்கிறது. இந்தத் தெருவில் சொன்னால் அவர் காதுக்குப் போய்விடும்.

நான் எட்டாவது வரை படித்தவள். சீர்காழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் பேர் தையல்நாயகி. அந்த அம்மன் பேரை வைத்தால் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பக்கம் என்று தெரிந்துகொள்ளலாம். ஒன்பதாவதுக்கு ஆறு கிலோமீட்டர் போகவேண்டும். அந்த வருஷம்தான் பெரியவளானேன். அதோடு சரி. கல்யாணமாகி இந்தச் சிதம்பரத்துக்கு வந்தால், தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்று படித்துக்கொண்டிருக்கிறார்கள். வடநாட்டிலிருந்து வந்து படிக்கிறார்கள். தலை நரைத்தவர்கள் வந்து படிக்கிறார்கள். மாவு மிஷினில் எனக்கு முன்னால் நிற்கிற அம்மாவின் பெண் டாக்டருக்குப் படிக்கிறாள். காய்கறி விற்கிற அக்கா, 'இன்னைக்கு செமஸ்டர் லீவு, வியாபாரம் இருக்காது' என்று சொல்கிறாள். எண்பது வருஷத்துக்கு மேலாக இங்கே யார் யாரோ வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். நானாக அந்த யுனிவர்சிட்டி கேட்டுக்குள் போனது ஏழு வருஷத்தில் ஒரே ஒரு தடவை. பட்டமளிப்பு அன்றைக்குக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வருவார்களே, அதைப் பார்க்க. அதுவும் சுவரோரமாக நின்றுவிட்டு வந்துவிட்டேன். 'நீ யாரும்மா' என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பார்த்ததை வரைவது. கல்யாணமான புதிதில் நான் போட்ட மாக்கோலத்தை இவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மறுநாள் கடையிலிருந்து ஒரு ரெக்கார்டு நோட்டை எடுத்துவந்து, "தையலு, இந்தப் படத்தை அந்த வெள்ளைப் பக்கத்துல அப்படியே போடு பார்ப்போம்" என்றார். போட்டேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

ரெக்கார்டு நோட்டு உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. லேபில் செய்ததையெல்லாம் பிள்ளைகள் படம் போட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். கொடுத்தால்தான் மார்க்கு. நிறையப் பேருக்குக் கை வராது, சிலபேருக்கு நேரம் வராது. கடையில் கொடுத்துவிடுவார்கள். 'ரெக்கார்டு வரைந்து தரப்படும்' என்று எங்கள் கடையில் ஒரு அட்டை தொங்கும். யார் வரைகிறது என்று கேட்டால், 'ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் இருக்கார், பிசியானவரு, நாலு நாள் ஆகும்' என்பார் இவர். வீட்டுப் பொம்பளை வரைகிறாள் என்றால் மதிப்பு இருக்காதாம். அது வாஸ்தவம்தானே. வியாபாரம் அவருக்குத்தான் தெரியும்.

பூங்கொடியும் அப்படித்தான் ஒரு நோட்டைக் கடையில் கொடுத்திருக்கிறாள். மாதிரிக்கு, முந்தின வருஷத்துப் பையன் ஒருத்தனுடைய நோட்டு. அவனுடையதில் ஒவ்வொரு பக்கத்துக் கீழேயும் சார் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டிருந்தார். அந்தக் கையெழுத்து நன்றாக இருக்கும், கொடி சுற்றின மாதிரி. கையெழுத்து என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் 'அப்படியே போடு' என்றால் அப்படியே போடுவதுதான் என் பழக்கம். சிவப்புப் பேனா ஒன்று வாங்கிவரச் சொல்லி, டிக்கையும் போட்டேன், கையெழுத்தையும் போட்டேன், தேதியையும் போட்டேன். பதினெட்டுப் பக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கவேண்டியதுதான்.

நாலு நாள் கழித்து மாடியிலிருந்து திடுதிடுவென்று இறங்கி வருகிறாள். "அக்கா, அண்ணன் கடையில ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் இருக்காராமுங்க. அவரு யாருன்னு சொல்லுங்க, கால்ல விழோணும். எங்க சாரு நோட்டைப் பார்த்துட்டு, 'இதை நான் எப்பம்மா திருத்துனேன்'னு என்னையவே கேக்கறாருங்க. தேதியைப் பார்த்ததுக்கப்புறம்தான் அவருக்கே சந்தேகம் வந்துச்சுங்க."

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். விரலெல்லாம் மை. பார்த்துவிட்டாள்.

"நீங்களாக்கா?"

அந்த மூன்றாவது படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். நான் அழுதுவிட்டேன். உடனே எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நோட்டைப் பிரித்து ஒரு படத்தைக் காட்டி, "இது என்னன்னு தெரியுங்களா?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? கொடியில் காய் காய்த்திருக்கிற மாதிரி இருக்கும், வருஷத்துக்கு இருபது முப்பது தடவை வரைவேன். "அவரை மாதிரி ஏதோ ஒரு செடி" என்றேன்.

"கரப்பான்பூச்சியோட குடலுங்க்கா."

ஏழு வருஷமாகக் கரப்பான்பூச்சிக் குடலை வரைந்திருக்கிறேன். அவரைக் கொடி என்று நினைத்துக்கொண்டு, ஆசை ஆசையாக.

அதன்பிறகுதான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். எட்டு முடித்திருந்தால் பத்தாவதைப் பிரைவேட்டாக எழுதலாம், பள்ளிக்கூடம் போகவேண்டாம், நானே சொல்லித்தருகிறேன் என்று. நான் வேண்டாம் என்றேன். இரண்டு நாள் கழித்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஐந்து புத்தகங்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மத்தியானம் தாமரை தூங்கின பிறகு மாடிக்கு வந்துவிடுவேன். இந்தக் கட்டிலில்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவள், இந்தப் பக்கம் நான்.

சயின்ஸ் எனக்குச் சுளுவாக வந்தது. படம் போட்டுப் பாகம் குறி என்பார்களே, அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கணக்கும் வந்தது, அதுதான் எனக்கே அதிசயம். இங்கிலீஷ்தான் உயிரை வாங்கியது. எழுத்து எழுத்தாக அழகாக எழுதுவேன், ஆனால் வாசிக்கச் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும். "உங்க கைக்குத் தெரிஞ்சது உங்க வாய்க்குத் தெரிய மாட்டேங்குதுங்க்கா" என்பாள். ஐப்பசி மாதம் ஒருநாள், ரெக்கார்டு வரைந்துகொண்டிருக்கும்போது, படத்துக்குக் கீழே இருக்கிற இங்கிலீஷை என்னை அறியாமல் வாசித்துவிட்டேன். லீஃப். இலை. யாரோ என்னிடம் பேசின மாதிரி இருந்தது. தனியாக உட்கார்ந்து அந்தப் பக்கத்தில் இருக்கிறதையெல்லாம் வாசித்தேன். அன்றைக்குச் சோறு குழைந்துபோய்விட்டது. அதற்கு இவர் திட்டினார், அது சரிதான்.

அவளுக்கு நூறு செடி சேகரிக்கிற வேலை ஒன்று இருந்தது. களைச்செடிகளைப் பிடுங்கிப் பேப்பருக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து ஒட்டவேண்டும். வாய்க்கால் ஓரமாக நாங்கள் மூன்று பேரும் போவோம். குப்பைமேனி, சாரணை, கீழாநெல்லி, பொடுதலை என்று நான் பேர் சொல்லச் சொல்ல, அவள் வாயில் நுழையாத ஒரு பேரைச் சொல்லி எழுதிக்கொள்வாள். "நீங்க பரிட்சை எழுதோணும், நான் செடி பிடுங்கோணும். உண்மையில மாத்தித்தான் இருக்கோணுமுங்க" என்றாள் ஒருதரம். அந்த வழியாகத்தான் என்னை யுனிவர்சிட்டிக்குள்ளே கூட்டிப்போனாள். 'நீ யாரும்மா' என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எதற்கென்று தெரியவில்லை, கண்ணாடியைப் பார்த்தேன்.

இப்படியெல்லாம் இருந்தவள்தான் அம்மா. அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் வீட்டுக்காரரா? அவர் ஒன்றும் தடுக்கவில்லை. தங்கமான மனுஷர். "படி, படி, கலெக்டராகி எனக்கு ஒரு ஜீப்பு வாங்கிக் குடு" என்று சிரிப்பார். கடைக்கு வருகிறவர்களிடம்கூட, 'எங்க வீட்ல எஸ்எஸ்எல்சி படிக்கிறாங்க, சத்தம் போடாதீங்க' என்று கேலி பேசுவாராம். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கு அவள்மேல் கோபம். அந்தக் கையெழுத்து விவகாரத்துக்குப் பிறகு பூங்கொடி தன் ரெக்கார்டைத் தானே வரைய ஆரம்பித்துவிட்டாள். கோழி கிளறின மாதிரி இருக்கும், ஆனாலும் அவளேதான் வரைந்தாள். அவள் கிளாசில் ஐந்தாறு பேரும் அதைப் பார்த்துக் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். "உங்க டீச்சரம்மா நம்ம சோத்துல மண்ணள்ளிப் போடுறா" என்றார். எனக்கும் அது ஒரு மாதிரிதான் இருந்தது. என் கை வேண்டாம் என்று வைத்துவிட்டாளே என்று.

அவருடைய கஷ்டத்தையும் சொல்லவேண்டும். பத்தாவது பரிட்சை பங்குனியில். பிள்ளைகளுக்கு ரெக்கார்டு கொடுக்கவேண்டியதும் அதே சமயம்தான். "நீ பரிட்சைக்குப் போயிட்டா ரெக்கார்டை யாரு போடுறது, நானா? நான் போட்டா கரப்பான்பூச்சி எருமை மாதிரி இருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மார்கழியிலிருந்து வழக்கத்தைவிட நிறைய நோட்டு எடுத்துவந்தார். வேறு ஊர்க் காலேஜிலிருந்தெல்லாம் வாங்கிவந்தார். பாவம், அந்தச் சமயத்தில் பார்த்தா இவ்வளவு வேலை வரவேண்டும்? நான் விடிகாலையில் எழுந்து வரைந்து வைத்துவிட்டு மத்தியானம் படிப்பேன்.

ஃபாரம் வாங்கக் கடலூருக்குப் பூங்கொடியே போய்வந்தாள். என் ஊருக்குப் போய், பள்ளிக்கூடத்தில் என் டிசிக்கு நகல் கேட்டு, ஹெட்மாஸ்டர் இல்லை என்று இரண்டு தடவை அலைந்து வாங்கிவந்ததும் அவள்தான். ஸ்டுடியோவில் போட்டோ எடுக்கும்போது, "சிரிங்க்கா, ஹால் டிக்கெட்ல இதுதான் வருமுங்க" என்றாள். எல்லாம் சேர்த்துக் கட்டி, பணம் கட்டின சீட்டையும் வைத்து, ஒரு பழுப்புக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள். கடைசி வருஷப் பிள்ளைகள் ஏதோ கிராமத்தில் போய்த் தங்கி விவசாயிகளோடு இருந்து படிக்கவேண்டுமாம். அதற்கு அவள் கிளம்பவேண்டிய நாள் வந்துவிட்டது. "நானே கடலூர்ல குடுத்துட்டுப் போயிருவேனுங்க, ஆனா நாளைக்கு ஆபீஸ் லீவுங்க. அண்ணன் பேப்பர் எடுக்கக் கடலூர் போவாருல்ல, அப்பக் குடுக்கச் சொல்லிருங்க. பத்து நாள் டைம் இருக்குதுங்க" என்றாள்.

அவரிடம் கொடுத்தேன். சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தேன்.

முதல் வாரம் தேர் வந்துவிட்டது. மார்கழித் தேர் என்றால் இந்த ஊரே ரதவீதியில்தான் நிற்கும். கடையை விட்டு எப்படிப் போவார்? பஸ்ஸும் ஊருக்குள் வராது. தேர், தரிசனம் எல்லாம் முடிந்து அடுத்த வாரம் போனார். சாயங்காலம் வந்து, "குடுத்தாச்சு. ஒரே கூட்டம், கால் கடுக்க நின்னேன். இனிமே உன் பாடு" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு அவருக்குப் பிடிக்கும் என்று கொத்சு வைத்தேன், இட்லிக்கு.

பிறகு மாசி மாதம் தாமரைக்குக் காது குத்த வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனேன். அப்படியே அம்மா வீட்டில் நாலு நாள். அந்த நாலு நாளில்தான் பூங்கொடி வந்து ரூமைக் காலி செய்துகொண்டு போயிருக்கிறாள். கிராமத்திலிருந்து நேராக வேறு எங்கேயோ பண்ணைக்குப் போகவேண்டுமாம். நான் திரும்பி வந்தால், கதவு திறந்து கிடக்கிறது, கட்டில் காலி. "எனக்கு ஏதாவது சொன்னாளா?" என்று இவரிடம் கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை. சாவியை வீசிட்டுப் போனா" என்றார். வீசினாளாம். அவளா வீசினாள் என்று எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் அவர் கண்ணால் பார்த்தவர்.

எதிர்வீட்டில் பக்கிரிசாமி அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறவர், அவரும் பத்தாவது பிரைவேட்டாகக் கட்டியிருந்தார். மூன்றாவது தடவை. ஒருநாள் காலையில் அவருக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. தெரு முழுக்கக் காட்டினார். "தங்கச்சி, உனக்கு வரலியா? வந்துரும். ரெண்டு பேரும் என் ஆட்டோவுலயே போயிருவோம், போகையில பாதி நீ சொல்லிக்குடு, வரையில மீதியச் சொல்லிக்குடு" என்றார். நான் தினம் போஸ்ட்மேன் வருகிற நேரத்துக்கு வாசல் தெளிப்பேன். ஒரே நாளில் இரண்டு தடவைகூடத் தெளித்திருக்கிறேன். போஸ்ட்மேன் சைக்கிளை நிறுத்தாமலே தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

பரிட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது இவரே சொன்னார். கடலூரில் போய் விசாரித்தாராம். "உன் ஃபாரத்தைத் தள்ளிட்டாங்க. அந்தப் பொண்ணு பொறந்த தேதியத் தப்பா எழுதிட்டாளாம். டிசியில ஒண்ணு, ஃபாரத்துல ஒண்ணு. இதுகூடத் தெரியாதா அவளுக்கு? வேணும்னே பண்ணியிருக்கா. நீ பாஸாயிட்டா அவளுக்கு என்ன மதிப்பு? அதான் மூஞ்சியக் காட்டாம நீ இல்லாத நேரம் பார்த்து ஓடியிருக்கா" என்றார்.

போன் பண்ணிக் கேட்கிறேன் என்றேன். "எதுக்கு? அவகிட்டப் போயி அழுவுறதுக்கா? உனக்கு ரோஷமே இல்லியா?" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அவ்வளவு பெரிய படிப்புப் படிக்கிறவள் ஒரு தேதியைத் தப்பாக எழுதுவாளா? தெரிந்துதானே எழுதியிருக்கவேண்டும். செடிக்குப் பேர் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது, கூட்டிக்கொண்டு சுற்றினாள். செடி நூறும் சேர்ந்துவிட்டது.

தமிழ்ப் பரிட்சை அன்றைக்கு நான் வெட்டுக்கிளி வாய் வரைந்தேன். பக்கிரிசாமி அண்ணன் ஆட்டோ சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் கொஞ்சம் நின்று, பிறகு போனது. கணக்குப் பரிட்சை அன்றைக்குக் கரப்பான்பூச்சிக் குடல், பதினோரு நோட்டுக்கு. இப்போது கீழே இருக்கிறதையெல்லாம் வாசிக்கத் தெரிகிறது, அதுதான் கஷ்டம். முன்னால் அவரைக் கொடியாக இருந்தது, மனசுக்கு இதமாக இருந்தது. அந்த இரண்டு வாரம் அவர் என்னை அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டார். தினம் பூ வாங்கிவந்தார். "உன் கை இல்லைன்னா கடையே இல்லை தையலு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

இன்னும் கேளுங்கள். பரிட்சையெல்லாம் முடிந்து சித்திரை பிறந்த மறுநாள் அவளே போன் செய்கிறாள். என்ன கேட்டாள் தெரியுமா?

"அக்கா, எப்படிங்க எழுதுனீங்க? இங்கிலீஷ் எப்படிங்க இருந்துச்சு? நான் தினம் நினைச்சுக்குவேனுங்க, இன்னைக்கு அக்காவுக்குக் கணக்கு, இன்னைக்கு அக்காவுக்கு சயின்ஸுன்னு."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். செய்வதையும் செய்துவிட்டு, எப்படி எழுதினாய் என்று கேட்கிறாள் பாருங்கள். "அக்கா, கேக்குதுங்களா? அன்னைக்கு உங்களைப் பார்க்காம வந்ததே மனசுக்கு சங்கட்டமா இருக்குதுங்க. அண்ணன்கிட்ட லெட்டர் குடுத்துட்டு வந்தனே, பார்த்தீங்களா?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். லெட்டராம். இவரைக் கேட்டேன். "பொய்யி. லெட்டருமில்லை ஒண்ணுமில்லை" என்றார். அதோடு அந்தப் போனும் போனது. சார்ஜ் நிற்கவில்லை என்று கடைக்கு எடுத்துப்போனவர் திருப்பித் தரவில்லை. எனக்கு யார் போன் செய்யப்போகிறார்கள், அதனால் நானும் கேட்கவில்லை.

அவ்வளவுதான் கதை. உங்கள் மகளைச் சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாரும் அப்படி இருக்கமாட்டார்கள்.

என்னம்மா கேட்டீர்கள்?

ஃபாரத்தில் எழுதினது யார் என்றா? அவள்தான்... இல்லை. இருங்கள். எழுதினது நான். அவள் எழுதித்தருவாள் என்றுதான் நினைத்தேன். "உங்க ஃபாரத்தை நீங்கதான் எழுதோணுமுங்க" என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டாள். முதலில் வேறு பேப்பரில் பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். பிறகுதான் ஃபாரத்தில். டிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன்.

பிறந்த தேதியா? அதையும் நான்தான் எழுதினேன். டிசியில் என்ன இருந்ததோ அதை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதில் நான் தப்பு விடமாட்டேன் அம்மா. உங்களிடம்தான் சொன்னேனே, தேதியைப் பார்க்கிறவரைக்கும் சாருக்கே சந்தேகம் வரவில்லை என்று.

அதுதான். தேதி தப்பாக இருக்காது.

ஆபீஸில் யாராவது மாற்றிப் பார்த்திருப்பார்கள். இருக்கலாம் இல்லையா? ஆயிரம் ஃபாரம் வருகிற இடம். இவர் கால் கடுக்க நின்றேன் என்றாரே, அவ்வளவு கூட்டம். ஆனால் பக்கிரிசாமி அண்ணன், 'நான் ஃபாரம் குடுக்கப் போன அன்னைக்கு ஈ காக்கா இல்லை, ரசீதைக் குடுத்து டீ குடிச்சிட்டுப் போன்னாங்க' என்று சொன்னார். அது வேறு நாளாக இருக்கும். ரசீதா? இவர் ரசீது ஒன்றும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவரிடம் போய் ரசீது எங்கே என்று கேட்க முடியுமா?

நகலும் இல்லை. ஊர் உலகத்துப் பிள்ளைகளின் சர்டிபிகேட்டுக்கெல்லாம் எங்கள் கடையில் நகல் எடுக்கிறோம். ரேஷன் கார்டு, ஜாதி சர்டிபிகேட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றுக்கும். என் ஃபாரத்துக்கு ஒரு நகல் இல்லை. பூங்கொடி சொன்னாள், 'அண்ணன் கடையிலயே ஒரு காப்பி போட்டு வெச்சுக்கோங்க' என்று. இவர்தான், 'நம்ம கடைதானே, எப்ப வேணா எடுத்துக்கலாம்' என்றார்.

தாமரை, இங்கே வா. மடியில் உட்கார். சும்மா இரு.

தப்பாக எழுதி ஃபாரம் தள்ளிப்போனது என்று தெரிந்தவள், எப்படி எழுதினீர்கள் என்று கேட்பாளா அம்மா? கேட்கமாட்டாள் இல்லையா? தினம் நினைத்துக்கொள்வேன், இன்றைக்குக் கணக்கு, இன்றைக்கு சயின்ஸ் என்றாளே. நான் எழுதினேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். பதில் சொல்லாமல் போனை வைத்தவள் நான். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்?

நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம். என் முகத்தைப் பார்க்காதீர்கள், அது போதும். இவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து வந்ததும் நீங்கள் வாடகை பேசுங்கள், ரூம் நல்ல ரூம். மகளை ஒன்றும் யோசிக்காமல் விட்டுவிட்டுப் போகலாம். நான் பார்த்துக்கொள்வேன்.

உங்களிடம் போன் இருக்கிறதா அம்மா? ஒரு நம்பர் சொல்கிறேன், போட்டுத் தருவீர்களா? எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் தெரியும். வாய்ப்பாடு சொல்லுகிற மாதிரி தினம் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், எதற்கென்று தெரியாமலே. தொண்ணூத்து நாலு, நாற்பத்து மூணு... ஆமாம், அப்புறம் ஏழு, ரெண்டு சைபர், ஒம்பது, எட்டு, ஒண்ணு. போட்டீர்களா?

அவள் எடுத்தால் நீங்களே பேசுங்கள். உன் அக்காவின் ஃபாரம் போய்ச் சேரவே இல்லையாம், அவள் பரிட்சை எழுதவில்லையாம் என்று மட்டும் சொல்லுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். என் வாயால் சொன்னால் அவரைச் சொன்னதாக ஆகிவிடும். நீங்கள் வெளியூர், நீங்கள் சொன்னால் அது வெறும் சேதி.

ரிங் போகிறதா? அவள் உடனே எடுக்கமாட்டாள், போனை எங்கேயாவது போட்டுவிட்டுத் தேடுவாள்.

எடுத்துவிட்டாளா? யாருங்க என்கிறாளா?

கொடுங்கம்மா. நானே சொல்கிறேன்.